ஸ்கூபா டேங்கில் இருப்பது ஆக்ஸிஜனா? நைட்ராக்ஸ் டைவிங்கும் டைவ் கம்ப்யூட்டரும் - முழு விளக்கம்

'ஆக்ஸிஜன் சிலிண்டருடன் கடலுக்குள் இறங்கினர்' - செய்தியிலும் சினிமாவிலும் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், ஸ்கூபா டைவர் முதுகில் சுமக்கும் டேங்கில் பொதுவாக இருப்பது சுத்தமான ஆக்ஸிஜன் கிடையாது. நீங்களும் நானும் இப்போது சுவாசிக்கும் அதே காற்றைத்தான் அழுத்தி அடைத்திருப்பார்கள். சுத்தமான ஆக்ஸிஜனோடு 20 மீட்டர் ஆழத்துக்குப் போனால், உயிரோடு மேலே வருவதே சந்தேகம்.

அப்படியென்றால் பச்சை - மஞ்சள் பட்டை ஒட்டி, 'நைட்ராக்ஸ்' என்று எழுதிய டேங்க்குகள் டைவ் கடைகளில் இருக்கிறதே, அது என்ன? அதில் ஆக்ஸிஜன் கூடுதலாகத்தானே இருக்கிறது? அது எப்படிப் பாதுகாப்பாகிறது? எந்த இடத்தில் ஆபத்தாகிறது? இதையெல்லாம் கணக்குப் போடும் டைவ் கம்ப்யூட்டரை எப்படிப் பார்த்து வாங்குவது?

திருச்சி மாவட்டம் தொட்டியத்தில் இருக்கும் வாசகருக்கு இது எதற்கு என்று தோன்றலாம். புதுச்சேரியும் ராமேஸ்வரமும் இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் காவிரியிலும் வாய்க்காலிலும் வாழைத் தோட்டத்துக் கிணற்றிலும் நீச்சல் பழகிய பலர், இன்று வேலைக்காக சிங்கப்பூர், மலேசியா போகிறார்கள். அங்கே விடுமுறைக்கு தியோமன் தீவு, இங்கே சுற்றுலாவுக்கு அந்தமான், இலங்கையின் திருகோணமலை என்று கடலுக்குள் இறங்குகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். டைவ் முடிந்து ஊர் திரும்பிய பிறகும் இந்தக் கணக்கு முடிவதில்லை என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் பிரச்சினை என்ன?

காற்றில் சுமார் 21 சதவீதம் ஆக்ஸிஜன். மீதி 79 சதவீதத்தில் கிட்டத்தட்ட எல்லாமே நைட்ரஜன். தரையில் இந்த நைட்ரஜன் நம்மை ஒன்றும் செய்வதில்லை. உள்ளே போகிறது, வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

தண்ணீருக்குள் கதை மாறுகிறது. கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றி ஏறக்குறைய 1 பார் அழுத்தம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு பார் கூடும். 10 மீட்டரில் 2 பார், 30 மீட்டரில் 4 பார். அழுத்தம் கூடக் கூட, நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் அதிகமாகக் கரைய ஆரம்பிக்கும். ஹென்றி விதி என்று பள்ளியில் படித்தது இதைத்தான்.

கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோலி மேலே அடைத்திருக்கும் வரை வாயு தண்ணீருக்குள் அமைதியாக இருக்கும். கோலியைத் தட்டியதும் பொங்கும். டைவர் ஆழத்தில் ரொம்ப நேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால் உடம்புக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட அதேதான். கரைந்திருந்த நைட்ரஜன் குமிழியாகிறது. மூட்டு வலி, தோலில் தடிப்பு, மரத்துப் போவது, தலைசுற்றல், கால் செயலிழப்பு வரை போகலாம். இதுதான் அழுத்த நீக்க நோய். டைவர்கள் பேச்சில் 'பெண்ட்ஸ்'.

ஆடுகள் சொன்ன பாடம்

இதற்கு முதலில் அறிவியல்பூர்வமான அட்டவணை போட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எங்கே நின்று நின்று மேலே வர வேண்டும் என்று 1908-ல் வெளியிட்டார். உடம்பின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை வாங்குவதில்லை. ரத்தம் வேகமாக வாங்கும், கொழுப்பு மெதுவாக வாங்கும் என்பது அவருடைய அடிப்படை யோசனை. இன்றைய டைவ் கம்ப்யூட்டர்கள் வரைக்கும் அந்த யோசனையின் பேரப்பிள்ளைகள்தான்.

அவர் மகன் ஜே.பி.எஸ். ஹால்டேனுக்கு இந்தியாவோடு நேரடித் தொடர்பு உண்டு. 1939-ல் 'தீட்டிஸ்' என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்த பிறகு, அழுத்த அறைக்குள் தானே உட்கார்ந்து ஆக்ஸிஜனின் நச்சுத்தன்மையைச் சோதித்தவர் அவர். ஒரு சோதனையில் வலிப்பு வந்து முதுகெலும்பிலேயே அடிபட்டது. 1957-ல் இந்தியாவுக்கு வந்து குடியேறி, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரில் காலமானார். தந்தை நைட்ரஜனை அளந்தார், மகன் ஆக்ஸிஜனை அளந்தார் என்று சொல்லலாம். நைட்ராக்ஸைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு கணக்கும் வேண்டும்.

நைட்ராக்ஸ் என்றால் என்ன?

நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்த கலவைக்கு நைட்ராக்ஸ் என்று பெயர். டைவிங்கில் அந்தச் சொல்லால் குறிப்பது, ஆக்ஸிஜன் 21 சதவீதத்துக்கு மேல் இருக்கும் கலவையை. செறிவூட்டப்பட்ட காற்று என்பதும் இதுதான். பொழுதுபோக்கு டைவர்களுக்கு அதிகபட்சம் 40 சதவீதம். வழக்கமாகக் கிடைப்பது 32 அல்லது 36 சதவீதம்.

லாஜிக் ரொம்ப எளிது. ஆக்ஸிஜனைக் கூட்டினால் நைட்ரஜன் குறையும். நைட்ரஜன் குறைந்தால் உடம்பில் கரைவதும் குறையும். அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா 1970-களின் இறுதியில் தன் விஞ்ஞானிகளுக்காக 32 சதவீதக் கலவைக்கு அட்டவணை போட்டது. 1980-களின் நடுவில்தான் இது பொதுமக்கள் டைவிங்குக்கு வர ஆரம்பித்தது. அப்போது இதை 'சாத்தான் வாயு' என்றே சிலர் திட்டினார்கள். பெரிய பயிற்சி நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டது 1990-களில்.

எவ்வளவு நேரம் கூடுதலாகக் கிடைக்கும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 32 சதவீத நைட்ராக்ஸில் நைட்ரஜன் 68 சதவீதம். 30 மீட்டரில் இருக்கும்போது, நைட்ரஜனைப் பொறுத்தவரை உங்கள் உடம்பு உணர்வது சாதாரணக் காற்றில் சுமார் 24.4 மீட்டரில் இருப்பது போல.

பாடி என்ற பயிற்சி நிறுவனத்தின் அட்டவணைப்படி, இடையில் நிற்காமல் நேராக மேலே வரக்கூடிய அதிகபட்ச நேரம், சாதாரணக் காற்றில் 30 மீட்டருக்கு 20 நிமிடம், 25 மீட்டருக்கு 29 நிமிடம். அதாவது நைட்ராக்ஸ் 32-ல் 30 மீட்டரில் 20-க்குப் பதிலாக ஏறக்குறைய 29 நிமிடம் கிடைக்கிறது. 9 நிமிடம்தானே என்று நினைக்க வேண்டாம். 30 மீட்டரில் அது கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடுதல். ஒரே நாளில் இரண்டாவது, மூன்றாவது டைவ் போகும்போது இந்த வித்தியாசம் இன்னும் உதவும்.

சரி, எல்லாருக்கும் இது வேணுமா?

இல்லை. கடைக்காரர் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது.

வழக்கமான அலுமினிய டேங்க் சுமார் 11 லிட்டர். 200 பார் வரை அடைப்பார்கள். பாதுகாப்புக்காக 50 பார் மிச்சம் வைத்தால், பயன்படுத்த 150 பார். அதாவது சுமார் 1,650 லிட்டர். புதிதாகப் பழகுகிறவர் பதற்றத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 18 மீட்டரில் அழுத்தம் 2.8 பார் என்பதால் அது 56 லிட்டர். அரை மணி நேரத்துக்குள் டேங்க் முடிந்துவிடும். ஆனால் 18 மீட்டரில் சாதாரணக் காற்றுக்கே 56 நிமிட அனுமதி இருக்கிறது. நைட்ரஜன் தடுக்கும் முன்பே காற்று தீர்ந்துவிடும்போது நைட்ராக்ஸுக்குக் கூடுதல் காசு கொடுத்து என்ன பயன்?

புதுச்சேரியின் டெம்பிள் ரீஃப் போன்ற செயற்கைத் திட்டு சுமார் 18 மீட்டர் ஆழம். அங்கே ஒரே ஒரு டைவ் போகும் புதியவருக்கு நைட்ராக்ஸ் அவசியமில்லை. அந்தமானின் சுவராஜ் தீவில், அதாவது பழைய ஹேவ்லாக்கில், 25 - 30 மீட்டருக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று டைவ், அதுவும் நான்கைந்து நாள் தொடர்ந்து என்றால் கதை வேறு. நிதானமாக, நிமிடத்துக்கு 14 லிட்டர் அளவில் சுவாசிக்கப் பழகியவருக்கு 30 மீட்டரில் டேங்க் அரை மணி நேரம் வரும். அங்கேதான் நைட்ராக்ஸ் முழுசா கை கொடுக்கும்.

நாலு தப்பான நம்பிக்கைகள்

'நைட்ராக்ஸ் போட்டா இன்னும் ஆழமா போகலாம்': நேர் எதிர். ஆழம் குறையும். ஏன் என்று அடுத்த பகுதியில்.

'டேங்க் அதிக நேரம் வரும்': வராது. நுரையீரல் இழுக்கும் அளவு அதேதான். கூடுவது அனுமதிக்கப்பட்ட நேரம், காற்று இல்லை.

'ஆழத்தில் வரும் மயக்கம் வராது': ஆழத்தில் நைட்ரஜனால் போதை போல ஒரு தடுமாற்றம் வரும். நைட்ராக்ஸ் அதைத் தடுக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது. பயிற்சியில் காற்றுக்கு இணையாகவே கருதச் சொல்கிறார்கள்.

'டைவ் முடிஞ்சா அசதியே இருக்காது': பல டைவர்கள் இப்படிச் சொல்கிறார்கள். ஆனால் ஆய்வில் உறுதியாக நிரூபணமானது அல்ல.

ஆக்ஸிஜன் எப்போது விஷமாகும்?

பிளஸ் 1 வேதியியலில் வரும் டால்டனின் பகுதி அழுத்த விதி இங்கேதான் உயிர் காக்கிறது. கலவையில் ஆக்ஸிஜன் எவ்வளவு பங்கோ, அதை மொத்த அழுத்தத்தோடு பெருக்கினால் ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தம் கிடைக்கும். டைவின்போது இது 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. 1.6 பார் என்பது அவசர எல்லை.

உங்கள் கலவைக்கு எல்லை ஆழம் என்ன என்று கண்டுபிடிக்க மூன்று படிதான்:

* 1.4-ஐ ஆக்ஸிஜன் பங்கால் வகுக்கவும். 32 சதவீதம் என்றால் 1.4 ÷ 0.32 = 4.375
* அதிலிருந்து 1-ஐக் கழிக்கவும்: 3.375
* 10-ஆல் பெருக்கவும்: 33.75. பின்னத்தை விட்டுவிட்டால் 33 மீட்டர்

இதே கணக்கில் 36 சதவீதத்துக்கு எல்லை 28 மீட்டர்தான். ஆக்ஸிஜன் கூடக் கூட ஆழம் குறைகிறது, பார்த்தீர்களா?

எல்லையைத் தாண்டினால் வலிப்பு வரலாம். தரையில் வலிப்பு வந்தால் பிழைக்க வழி உண்டு. தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் வாயிலிருந்து ரெகுலேட்டர் விழுந்துவிடும். மூழ்கி இறக்க நேரிடும். பல நேரங்களில் எந்த முன்னறிவிப்பும் இருக்காது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை நடத்திய சோதனைகளில் இன்னொன்றும் தெரியவந்தது: ஒரே ஆள் ஒரு நாள் தாங்கிய அளவை இன்னொரு நாள் தாங்கவில்லை. 'போன தடவை ஒண்ணும் ஆகலையே' என்பது இங்கே செல்லாது.

மட்டக்களப்பு உதாரணம்

இலங்கையின் மட்டக்களப்பு அருகே எச்.எம்.எஸ். ஹெர்மஸ் என்ற பிரிட்டிஷ் விமானம் தாங்கிக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9-ல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்தது. உலகம் முழுவதும் இருந்து டைவர்கள் தேடி வரும் இடம். கப்பல் கிடக்கும் கடல் தரை சுமார் 53 மீட்டர் ஆழம். அங்கே அழுத்தம் 6.3 பார்.

சாதாரணக் காற்றோடு போனால் ஆக்ஸிஜன் பகுதி அழுத்தம் 1.3 பார் சொச்சம். ஹேவ்லாக்கில் சௌகரியமாக இருந்த அதே நைட்ராக்ஸ் 32 டேங்க்கோடு அங்கே போனால்? 6.3 × 0.32 = 2 பார். அவசர எல்லையையும் தாண்டி எங்கேயோ போய்விட்டது. முன் இடத்தில் பாதுகாப்பு கொடுத்த டேங்க் இங்கே ஆளைக் கொல்லும். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர்தான் என்பதால், ஹெர்மஸ் தனிப் பயிற்சி பெற்றவர்களுக்கான இடம்.

டேங்கை நீங்களே சோதிக்கணும், ஏன்?

நைட்ராக்ஸ் டைவிங்கில் மாற்றமே இல்லாத ஒரு விதி: டேங்கில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜன் என்பதை, அதைச் சுவாசிக்கப் போகிறவரே அனலைசர் வைத்துப் பார்க்க வேண்டும். கடைப் பையன் சொன்னார், நண்பர் பார்த்தார் என்பதெல்லாம் போதாது.

32 என்று நினைத்த டேங்கில் உண்மையில் 38 இருந்தால், 33 மீட்டரில் பகுதி அழுத்தம் 1.63 பார். பார்வைக்கும் வாசனைக்கும் சுவைக்கும் 32-க்கும் 38-க்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. அனலைசரை முதலில் சாதாரணக் காற்றில் 20.9-க்குச் சரிசெய்து, பிறகு டேங்கின் வாயுவை மெதுவாக விட்டு, எண் நிலைத்த பின் படிக்க வேண்டும். சதவீதம், எல்லை ஆழம், தேதி, உங்கள் பெயர் - நான்கையும் டேங்கில் ஒட்டும் டேப்பில் எழுத வேண்டும். கடையில் இருக்கும் பதிவேட்டிலும் கையெழுத்து கேட்பார்கள். கேட்கவில்லை என்றால் அந்தக் கடையைப் பற்றி யோசியுங்கள்.

டைவ் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

அட்டவணையில் ஒரு குறை உண்டு. நீங்கள் 30 மீட்டரைத் தொட்டுவிட்டு மீதி நேரம் முழுக்க 15 மீட்டரில் சுற்றினாலும், டைவ் முழுவதும் 30 மீட்டரிலேயே இருந்ததாகத்தான் அட்டவணை எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் சில நொடிக்கு ஒருமுறை ஆழத்தை அளந்து, அதற்கேற்ப நைட்ரஜன் கணக்கை மாற்றிக்கொண்டே இருக்கும். பொதுமக்கள் வாங்கக்கூடிய மின்னணுக் கம்ப்யூட்டர்கள் 1983-ல் இருந்து சந்தைக்கு வந்தன.

பலவற்றின் உள்ளே ஓடுவது சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் பூல்மான் உருவாக்கிய கணக்குமுறை. உடம்பை 16 கற்பனைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் நைட்ரஜனை எவ்வளவு வேகத்தில் வாங்கி வெளியேற்றும் என்று கணக்குப் போடும். சில நிறுவனங்கள் குமிழிகளை மையமாக வைத்த ஆர்ஜிபிஎம் முறையைப் பயன்படுத்துகின்றன.

இங்கே மறக்கக் கூடாதது ஒன்று. கம்ப்யூட்டர் உங்கள் ரத்தத்தை அளப்பதில்லை. ஆழமும் நேரமும் மட்டும்தான் அதற்குத் தெரியும். நீங்கள் இரவு தூங்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, உடல் எடை கூடுதல், வயது 50 - எதுவும் தெரியாது. கலவை சதவீதத்தையும் நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

செட்டிங் தப்பானா என்ன ஆகும்?

டேங்கில் சாதாரணக் காற்று, கம்ப்யூட்டரில் 32 என்று இருந்தால்: உடம்பில் நைட்ரஜன் ஏறிக்கொண்டிருக்கும், கம்ப்யூட்டரோ 'இன்னும் நேரம் இருக்கு' என்று காட்டும். பெண்ட்ஸ் வர நேர்வழி.

டேங்கில் 32, கம்ப்யூட்டரில் காற்று என்று இருந்தால்: நைட்ரஜன் கணக்கில் கூடுதல் பாதுகாப்புதான். ஆனால் ஆக்ஸிஜன் எல்லையைத் தாண்டும்போது எச்சரிக்கை வராது. 33 மீட்டரை நீங்களே கவனிக்க வேண்டும்.

சில மாடல்கள் முந்தைய டைவின் சதவீதத்தை அப்படியே வைத்திருக்கும். சில மாடல்கள் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு தானாக மாறிவிடும். உங்களுடையது எந்த ரகம் என்று கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டைவுக்கு முன்னும் டேப்பில் எழுதிய எண்ணும் திரையில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பதே பத்திரம்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

1. திரை தெளிவா இருக்கா? நம் கிழக்குக் கடற்கரையில் தண்ணீர் எப்போதும் கண்ணாடி போல இருக்காது. கலங்கிய நீரில், முகமூடி வழியாக, ஒரே பார்வையில் ஆழமும் மீதி நேரமும் தெரிய வேண்டும். 40 வயதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள் சின்ன வாட்ச் வடிவத்தை விட பெரிய எண்கள் உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

2. நைட்ராக்ஸ் வசதி. இப்போது வரும் அடிப்படை மாடல்களிலேயே இது இருக்கிறது. இதற்காக மட்டும் விலை உயர்ந்ததை வாங்க வேண்டியதில்லை.

3. எச்சரிக்கை அளவை மாற்ற முடியுமா? ஒரே டைவில் இரண்டு நிறுவனக் கம்ப்யூட்டர்கள் வெவ்வேறு நேரம் காட்டும். பல மாடல்களில் கூடுதல் எச்சரிக்கையான அமைப்பைத் தேர்வு செய்யலாம். ஷியர்வாட்டர் போன்ற பூல்மான் கம்ப்யூட்டர்களில் இதை 'கிரேடியன்ட் ஃபேக்டர்' என்ற இரண்டு எண்களாக வைக்கலாம். எண் சிறியதானால் எச்சரிக்கை கூடுதல். கூட வரும் நண்பரின் கம்ப்யூட்டர் அதிக நேரம் காட்டினால், இருவரில் யாருடையது குறைவாகக் காட்டுகிறதோ அதன்படி மேலே வர வேண்டும்.

4. பேட்டரி. வீட்டிலேயே மாற்றக்கூடிய பட்டன் செல்லா, சார்ஜ் போடுவதா, சர்வீஸ் சென்டருக்கு அனுப்ப வேண்டியதா? மூன்றாவது ரகம் என்றால், நம் ஊரிலிருந்து அனுப்பி வாங்கும் காலத்தையும் யோசியுங்கள். சார்ஜ் ரகம் என்றால் தீவுப் பயணத்தில் மின்சாரம் இல்லாத இரவையும் நினைத்துப் பாருங்கள்.

5. டேங்க் அழுத்தமும் தெரியணுமா? டேங்கில் ஒரு டிரான்ஸ்மிட்டர் மாட்டினால் மீதிக் காற்றும் மணிக்கட்டில் தெரியும். வசதிதான். ஆனால் செலவு கூடும். அது இல்லாமலும் தனி மீட்டரைப் பார்த்துப் பாதுகாப்பாக டைவ் செய்யலாம்.

6. பட்டன்கள். குளிர்ந்த விரல், கையுறை. இதோடு அழுத்த முடிகிறதா என்று கடையிலேயே பழகிப் பாருங்கள். க்ரெஸி லியோனார்டோ போல ஒரே பட்டன் உள்ள எளிய மாடல்களும் உண்டு.

7. விதியை மீறினால் என்ன செய்யும்? நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் மேலே வந்துவிட்டால், சில கம்ப்யூட்டர்கள் 24 அல்லது 48 மணி நேரத்துக்குக் கணக்குப் போட மறுத்துவிடும். அது கோளாறு இல்லை. அத்தனை நேரம் தண்ணீருக்குள் போகாதீர்கள் என்று அர்த்தம்.

விலை? க்ரெஸி, மாரெஸ், சூன்டோ போன்ற நிறுவனங்களின் அடிப்படை மாடல்கள் அமெரிக்கச் சந்தையில் 200 - 300 டாலர் அளவில் தொடங்குகின்றன. வண்ணத் திரை, டிரான்ஸ்மிட்டர் என்று சேர்த்தால் 1,000 டாலரைத் தாண்டும். இங்கே இறக்குமதி வரி தனி. வருஷத்துக்கு ஒரு தடவை நான்கு டைவ் போகிறவருக்கு அடிப்படை மாடலே தாராளம்.

ஸ்மார்ட் வாட்ச் போதாதா?

'50 மீட்டர் வாட்டர்ப்ரூஃப்' என்று பெட்டியில் இருப்பது தண்ணீர் உள்ளே போகாது என்பதற்கான சோதனை அளவுதான். அது நைட்ரஜன் கணக்குப் போடாது. ஆப்பிள் வாட்ச் அல்ட்ராவை, ஓஷனிக் பிளஸ் செயலியோடு 40 மீட்டர் வரை டைவ் கம்ப்யூட்டராகப் பயன்படுத்தலாம். செயலிக்குத் தனிக் கட்டணம். கார்மின் டிசென்ட் வரிசை டைவிங்குக்காகவே செய்தது. இவை விதிவிலக்குகள். கையில் இருக்கும் மற்ற வாட்ச்சை நம்பி இறங்க வேண்டாம்.

வாடகைக்கு எடுத்தா பரவாயில்லையா?

எடுக்கலாம், ஆனால் கவனம். கம்ப்யூட்டர் தன்னோடு வந்தவரின் நைட்ரஜனை நினைவில் வைத்திருக்கும். காலையில் ஒருவர் கையில் இருந்ததை மதியம் நீங்கள் வாங்கினால் அதன் கணக்கு உங்களுடையது அல்ல. காலையில் நீங்கள் கம்ப்யூட்டர் இல்லாமல் டைவ் செய்துவிட்டு மதியம் புதிதாக ஒன்றை மாட்டினால், அது உங்களை இன்றைக்கு முதல் தடவை தண்ணீருக்குள் இறங்கும் ஆளாக நினைக்கும். இரண்டுமே தப்பு. ஆளுக்கு ஒன்று, பயணம் முழுக்க அதே ஒன்று. 'கைடு கிட்ட இருக்குல்ல' என்பதும் சரிவராது. அவர் உங்களை விட இரண்டு மீட்டர் மேலே இருந்திருக்கலாம், வேறு கலவை சுவாசித்திருக்கலாம்.

கம்ப்யூட்டர் இல்லாதவர்கள்

இதெல்லாம் சுற்றுலாப் பயணியின் கவலை மட்டும் அல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களும் சங்கு குளித்தவர்களும் தலைமுறைகளாக மூச்சடக்கித்தான் இறங்கினார்கள். தூத்துக்குடியின் கடைசி பெரிய முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. சங்கு எடுப்பது தொடர்கிறது. படகில் கம்ப்ரசர் வைத்து, குழாய் வழியாகக் காற்று வாங்கி இறங்கும் முறையும் வந்துவிட்டது.

டேங்க்கோடு போகிறவருக்குக் காற்று தீர்வதே ஒரு இயற்கையான மணி அடிப்பு. கம்ப்ரசர் குழாயில் காற்று தீர்வதில்லை. இயந்திரம் ஓடும் வரை கீழேயே இருக்கலாம். ஒரே நாளில் பல முறை இறங்கலாம். மணிக்கட்டில் நேரம் சொல்ல எதுவும் இல்லை என்றால், எல்லை தாண்டியது மூட்டு வலியாகத்தான் தெரியவரும். 200 டாலர் கருவி அதிகம் தேவைப்படுவது யாருக்கு என்ற கேள்வியையும் இங்கே கேட்க வேண்டியிருக்கிறது.

ஊர் திரும்பும்போது: விமானமும் கொல்லிமலையும்

டைவ் முடிந்து மேலே வந்த பிறகும் உடம்பில் கூடுதல் நைட்ரஜன் மிச்சம் இருக்கும். அது மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் மறுபடி கோலி சோடா கதைதான்.

டேன் என்ற சர்வதேச டைவர் பாதுகாப்பு அமைப்பின் பரிந்துரை: ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏறும் முன் குறைந்தது 12 மணி நேரம். ஒரு நாளில் பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம். இடையில் நின்று மேலே வர வேண்டிய ஆழமான டைவ் என்றால் அதைவிட நிறையவே கூடுதல். பலரும் எளிதாக 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்கிறார்கள். நைட்ராக்ஸ் பயன்படுத்தியதால் இதைக் குறைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். காலையில் திருகோணமலையில் டைவ், மாலையில் கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானம் என்று டிக்கெட் போட்டிருந்தால், டைவ்வை முந்தின நாளுக்கு மாற்றுங்கள்.

விமானம் மட்டும் இல்லை. பொதுவாக 300 மீட்டருக்கு மேலே போவதையே உயரம் என்று கணக்கில் எடுக்கிறார்கள். தொட்டியம் அதற்குக் கீழேதான், அதனால் வீட்டுக்கு வருவதில் சிக்கல் இல்லை. ஆனால் ராமேஸ்வரம் பக்கம் டைவ் முடித்து இரவோடு இரவாக ஊர் வந்து, மறுநாள் காலையில் நண்பர்களோடு கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால், ஆயிரம் மீட்டர் உயரத்தைத் தாண்டிவிடுவீர்கள். அதற்கும் அதே இடைவெளி விடுங்கள்.

அறிகுறி வந்தால்?

பெண்ட்ஸ் அறிகுறிகள் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் வரும். ஒரு நாள் வரை தள்ளியும் வரலாம். அதாவது பஸ்ஸிலோ வீட்டிலோ இருக்கும்போது தோள்பட்டை வலியாக, கால் மரத்துப் போவதாக, சிறுநீர் கழிக்க முடியாமையாக ஆரம்பிக்கலாம். 'டேங்க் தூக்கின வலி, தூங்கினா சரியாயிடும்' என்று விடுவதுதான் பெரிய தப்பு.

108-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவரிடம் முதல் வாக்கியமாக 'ஸ்கூபா டைவ் செய்தேன்' என்று சொல்லுங்கள். எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம், எப்போது மேலே வந்தீர்கள், என்ன கலவை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரின் பதிவில் இவை இருக்கும், அதைக் கையோடு கொண்டு போங்கள். கடலில் இருந்து 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு மருத்துவமனையில், நீங்கள் சொல்லாவிட்டால் அது யாருக்கும் தோன்ற வாய்ப்பு குறைவு. முதலுதவி, 100 சதவீத ஆக்ஸிஜன். முழுச் சிகிச்சை, அழுத்த அறையில். வலி போகட்டும் என்று மறுபடி தண்ணீருக்குள் இறங்குவது கூடவே கூடாது.

டைவ் கடையை முடிவு செய்யும் முன் இந்த மூன்றையும் கேளுங்கள்: படகில் ஆக்ஸிஜன் கிட் இருக்கா? பக்கத்தில் அழுத்த அறை எங்கே? அனலைசரை நான் பிடித்துப் பார்க்கலாமா? நைட்ராக்ஸ் பயிற்சி பெரும்பாலும் ஒரு நாளில் முடிந்துவிடும். அடிப்படை ஓப்பன் வாட்டர் சான்றிதழ் முதலில் வேண்டும். கம்ப்யூட்டர் வாங்கியதும் கையேட்டை வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். 30 மீட்டரில் அலாரம் அடிக்கும்போது அதற்கு என்ன அர்த்தம் என்று தேட நேரம் இருக்காது.